பிரிப்பதும் அழிப்பதும்

ஒரு பொருளை அதன் உறுப்புகளாகப் பிரித்துவிட்ட பிறகு அந்தப் பொருள் இருக்கிறதா, இல்லையா? கேட்பதற்கு இது தர்க்க சாஸ்திரம் பயிலும் மாணவர்களின் வினா போலத் தோன்றலாம். ஆனால் அன்றாட வாழ்வில் மனிதன் எத்தனையோ விஷயங்களைப் பிரித்துக்கொண்டே இருக்கிறான். பிழைப்பிற்காகக் குடும்பத்தைப் பிரிக்கிறான். அறிவின் பெயரால் பிறரது நம்பிக்கைகளைப் பிரித்துப் பார்க்கிறான். ஆன்ம விசாரத்தில் இறங்கும்போது தன்னையே பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறான். இவற்றில் எது பிரிப்பு, எது அழிப்பு என்ற தெளிவு இல்லாததால் விளையும் துன்பங்கள் ஏராளம். இந்த வினாவை ஓர் எளிய உதாரணத்தின் துணைகொண்டு ஆராய்வது பயன் தரும்.

பெங்களூருவின் தென்கிழக்கில், ஓசூர் சாலையில் அமைந்துள்ளது பொம்மனஹள்ளி. தனி நகராட்சியாக இருந்த இப்பகுதி 2007-இல் பெங்களூரு மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. ஆடைத் தொழிற்சாலைகளும் சிறு பட்டறைகளும் நிறைந்த இடம். அங்கு வசிக்கும் ஒருவர், பல ஆண்டுகள் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து வந்த பெரிய மாதிரி விமானம் ஒன்றைத் தொலைவிலுள்ள ஒருவருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி அனுப்புவது?

முழுமையைக் காக்கவே பிரிவு

அது போயிங் 747-400 விமானத்தின் ஐம்பதில் ஒரு பங்கு மாதிரி என்றால், அதன் நீளம் ஏறத்தாழ 141 சென்டிமீட்டர். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை 129 சென்டிமீட்டர். அதை அப்படியே வைத்து அனுப்ப 150 சென்டிமீட்டர் நீளமும் 140 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட பெட்டி தேவைப்படும். அப்பெட்டியின் பெரும்பகுதியில் இருப்பது வெறும் காற்றுதான். ஆனால் கூரியர் நிறுவனங்கள் பலவும் பெட்டியின் கன அளவை 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையே கிலோ கணக்கில் எடையாகக் கொள்கின்றன. அதன்படி இந்தப் பெட்டி 210 கிலோ! இறக்கைகளையும் வால்பகுதியையும் கழற்றி, உடற்பகுதியைத் தனிப் பெட்டியிலும் மற்றவற்றை இன்னொரு பெட்டியிலும் வைத்தால் அதே கணக்கு நாற்பது கிலோ அளவில் முடிந்துவிடும்.

செலவைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நீண்டிருக்கும் இறக்கை ஒரு நெம்புகோல். பெட்டி கீழே விழும்போது நுனியில் படும் சிறு அதிர்ச்சியும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் பன்மடங்காகப் பெருகுகிறது. முழுமையாக அனுப்பப்படும் விமானம் அந்த இடத்தில்தான் முறிகிறது. ஆகவே பிரிக்க மறுப்பவர் விமானத்தைக் காப்பாற்றுவதில்லை. எங்கே உடைய வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை வழியில் உள்ள மேடு பள்ளங்களிடம் ஒப்படைத்துவிடுகிறார்.

அறிந்தவர் பிரிக்கும் முறையே தனி. திருப்புளியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர் விமானத்தை எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார். கடைசியாகப் பொருத்தப்பட்டது எதுவோ, அதை முதலில் கழற்றுகிறார். திருகாணி உள்ள இணைப்பைத் திருகாணி வழியாகவே திறக்கிறார்; பசையால் ஒட்டப்பட்ட இடத்தை வலிந்து பிளப்பதில்லை. பிரிக்கக் கூடாத இணைப்புகளும் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஒவ்வோர் உறுப்பின் திருகாணிகளையும் தனித்தனிச் சிறு பைகளில் இட்டுப் பெயர் எழுதுகிறார். வண்ணம் பூசிய பரப்பின் மேல் முதலில் மெல்லிய தாளைச் சுற்றுகிறார். காற்றுக் குமிழி உறையை நேரடியாகச் சுற்றினால் கோடை வெப்பத்தில் அதன் அச்சு வண்ணத்தில் பதிந்துவிடும். பெட்டியை அசைத்துப் பார்த்து, உள்ளே எதுவும் நகரவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார். இறுதியாக, எதை எதனோடு எந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்று எழுதிய தாள் ஒன்றை, திறந்தவுடன் கண்ணில் படும்படி மேலே வைக்கிறார்.

மூன்று தரிசனங்கள்

இப்போது அந்தப் பெட்டிகளுக்குள் விமானம் இருக்கிறதா? நமது தேசத்தின் தத்துவ மரபுகள் இக்கேள்வியை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளன.

கிரேக்க வம்சத்து மன்னனான மிலிந்தன் பௌத்தத் துறவி நாகசேனரைச் சந்தித்தபோது, மன்னன் ஏறிவந்த தேரையே அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டார். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகத்தடி தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் தேர் அல்ல; அவற்றை விடுத்துத் தனியாகவும் தேர் இல்லை. உறுப்புகள் ஒன்றுசேர்ந்திருப்பதைச் சார்ந்து வழங்கும் ஒரு பெயர்தான் 'தேர்' என்பது அவர் முடிவு. இதன்படி, விமானம் என்று ஒன்று முன்பும் தனியாக இருக்கவில்லை. ஆகையால் இப்போது அழியவும் இல்லை.

நியாய தரிசனம் இதை ஏற்பதில்லை. உறுப்புகள் 'அவயவங்கள்', அவற்றில் உறைந்து, அவற்றினும் வேறாக இருக்கும் முழுமை 'அவயவி'. ஒரு பகுதியைப் பிடித்து இழுத்தால் முழுப் பொருளும் உடன் வருகிறதே, வெறும் குவியலாக இருந்தால் அது எப்படி நிகழும் என்று நையாயிகர்கள் கேட்கிறார்கள். உடற்பகுதியைத் தூக்கினால் இறக்கையும் உடன் எழுகிறது. பிரித்துப் பெட்டியில் வைத்த பின் அப்படி எழுவதில்லை. எனவே உறுப்புகளின் சேர்க்கை நீங்கியதுமே அவயவி அழிந்துவிட்டது. மறுபடி பூட்டப்படும்போது தோன்றுவது புதிய அவயவி என்பது அவர்கள் கொள்கை.

வேதாந்தம் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்தில் உள்ளது என்பது சத்காரியவாதம். இதை விளக்கும் பிரம்ம சூத்திரப் பகுதியில் ஆதிசங்கரர் மடித்த துணியை உதாரணமாகக் காட்டுகிறார். மடித்து வைத்திருக்கும்போது அது துணிதானா என்பதும், அதன் நீள அகலமும் தெளிவாகத் தெரிவதில்லை. விரித்ததும் எல்லாம் விளங்கிவிடுகிறது. அதனால் விரித்த துணி வேறு, மடித்த துணி வேறு என்று ஆகிவிடுமா? வெளிப்படாமல் இருந்தது வெளிப்பட்டது, அவ்வளவே. இந்தப் பார்வையில், பெட்டிக்குள் இருப்பது மடிந்திருக்கும் விமானம்.

ஆனால் இங்கே ஒரு நுட்பமான ஐயம் எழுகிறது. சம்மட்டியால் அடித்து நொறுக்கப்பட்ட விமானத்தின் துண்டுகளையும் பெட்டியில் வைக்கலாம். அதே பொருள், அதே எடை. அதையும் மடிந்திருக்கும் விமானம் என்று சொல்வோமா? சொல்ல மாட்டோம். களிமண் மட்டும் இருந்தால் குடம் ஆகிவிடாது, குயவனும் வேண்டும். பொருளாக நிற்கும் உபாதான காரணத்தோடு, அறிவோடு செய்பவனான நிமித்த காரணமும் தேவை. பெட்டிகள் பயணத்தில் இருக்கும்போது விமானத்தின் முழுமை தங்கியிருக்கும் இடங்களுள் ஒன்று, கெடாமல் காக்கப்பட்ட அதன் உறுப்புகள். மற்றொன்று, பிரித்தவரின் அறிவும் அவர் எழுதி வைத்த தாளும். இவற்றுள் ஒன்று தொலைந்தாலும் உள்ளே இருப்பது பழைய பொருட்களின் குவியல்தான்.

ஆகவே, பிரிப்பவன் அக்கணமே அந்த முழுமைக்குக் காவலனாகிறான். பிரிப்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள வேறுபாடு கையில் உள்ள கருவியில் இல்லை. மனத்தில் முழுமை குடியிருக்கிறதா என்பதில் இருக்கிறது.

கான்பூர் கண்ட காட்சி

இந்த வேறுபாட்டை விளக்கும் உண்மை வரலாறு ஒன்று பெங்களூருவோடு தொடர்புடையது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால், மைசூர் அரசின் ஆதரவுடன் இந்நகரில் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. 1941-இல் அங்கு உருவான முதல் விமானமே அமெரிக்காவிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி அமைக்கப்பட்ட ஹார்லோ பயிற்சி விமானம்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, ஆங்கிலேய விமானப் படையிடம் இருந்த அமெரிக்கத் தயாரிப்பான லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் பல கான்பூரில் கைவிடப்பட்டன. பின்னர் எவருக்கும் பயன்படக் கூடாது என்பதற்காக அவை வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டன. கைகள் இயந்திரங்களைத் தொட்டன. ஆனால் முழுமையை மீட்கும் எண்ணம் அங்கே இல்லை. அது அழிப்பு.

இந்தியா விடுதலை பெற்ற பின், பெங்களூரு தொழிற்சாலையினர் அதே விமானங்களை ஆராய்ந்தனர். பறக்கக்கூடிய அளவிற்குக் கான்பூரிலேயே அவற்றைச் சீர்செய்தார்கள். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெத் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருவிற்கு ஓட்டி வந்தார். இங்கே முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு, 1948 முதல் இந்திய விமானப் படையில் அவை பணியாற்றின; 1968-இல்தான் ஓய்வு பெற்றன. மற்றவர்கள் குப்பையாகக் கண்டதில் சிலர் விமானத்தைக் கண்டார்கள்.

அவற்றுள் ஒரு விமானத்தின் கதை இன்னும் நீள்கிறது. 1981-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் அதைப் பெற்றார். உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டு, பெரிய சரக்கு விமானம் ஒன்றில் அது இங்கிலாந்து சென்றது. 1984-இல் அமெரிக்காவின் கோலிங்ஸ் அறக்கட்டளை அதை வாங்கியது. மீண்டும் பிரிக்கப்பட்டுக் கப்பலில் பாஸ்டன் நகரம் சேர்ந்தது. பல ஆண்டு உழைப்பிற்குப் பின் 1989-இல் மறுபடி வானில் பறந்தது. ஒரே விமானம் ஒருமுறை பகைமையோடு சிதைக்கப்பட்டது. இருமுறை அக்கறையோடு பிரிக்கப்பட்டது. சிதைத்தவர்கள் பாகங்களைச் சேதமாக்கிவிட்டு அகன்றார்கள்; பிரித்தவர்கள் அதைக் கடல் கடந்து காத்தார்கள்.

பிரிந்து வாழும் குடும்பங்கள்

இனி இந்த உண்மையை வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம். பொம்மனஹள்ளியின் ஆடைத் தொழிற்சாலைகளில் பணியாற்றுவோரில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். கணவன் மனைவி இருவரும் ஒற்றை அறையில் தங்கியிருக்க, குழந்தை கிராமத்தில் பாட்டியிடம் வளர்வது அங்கு புதிய செய்தி அல்ல. வறுமை குடும்பத்தைப் பிரிக்கிறது. இதைக் குற்றம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பல வேளைகளில், இறக்கையைக் கழற்றுவதுபோல, முறியாமல் இருப்பதற்காகவே குடும்பங்கள் பிரிகின்றன.

கேள்வி வேறு. பிரிந்தவர்களின் மனத்தில் அந்த முழுக் குடும்பம் இன்னும் வாழ்கிறதா? மாதந்தோறும் பணம் அனுப்புவது நல்லது. ஆனால் மகன் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறான், தாயாரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதைக் கேட்டறியும் தொலைபேசி அழைப்பே குடும்பத்தின் திருகாணிகளைக் காக்கும் சிறு பை. மூன்று ஆண்டுகளில் சேர்ந்துவிடுவோம் என்று பிரிந்தவர்கள் மூன்றாம் ஆண்டின் முடிவில் அதைப் பற்றிப் பேசவே மறந்துவிட்டால், அவர்களை அறியாமலேயே பிரிவு அழிவாக மாறத் தொடங்கிவிட்டது.

இங்கே நையாயிகர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. விமானத்தின் இறக்கை பெட்டிக்குள் வளர்வதில்லை. குழந்தை வளர்கிறது, முதியவர் தளர்கிறார். எனவே மறுபடி சேரும் குடும்பம் பழைய குடும்பத்தின் அச்சு நகலாக இராது; ஒரு வகையில் புதிய அவயவிதான். ஐந்து வயதில் விட்டுச் சென்ற மகனைப் பதினொரு வயதில் அழைத்துக்கொள்ளும் தந்தை, ஐந்து வயதுக் குழந்தையை அவனிடம் தேடினால் இருவருக்கும் துன்பமே மிஞ்சும். பிரிந்த காலத்தில் மாறியவற்றுக்கு இடம் கொடுத்துச் சேர்வதே உண்மையான சேர்க்கை.

பிறர் நம்பிக்கையைப் பிரித்தல்

கல்வி கற்ற இளைஞர்கள் அடிக்கடி செய்யும் இன்னொரு பிரிப்பு உண்டு. மாலையில் விளக்கேற்றி வணங்கும் பாட்டியிடம், எண்ணெயும் திரியும் எரிவதில் தெய்வம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. நசிகேதன் யமனிடமே கேள்வி கேட்டான். நமது மரபு கேள்விகளால் வளர்ந்த மரபு. ஆனால் அந்த விளக்கில் பாட்டியின் எத்தனை ஆண்டுத் துயரங்கள் ஆறுதல் பெற்றிருக்கின்றன, எத்தனை மன உறுதி அதைச் சுற்றிப் பின்னப்பட்டிருக்கிறது என்று அறியாமல் அதைக் கழற்றுபவர், கழற்றிய பிறகு அவருக்கு என்ன தரப் போகிறார்? பெரும்பாலும் எதுவும் இல்லை. வாதத்தில் வென்ற திருப்தியோடு அவர் எழுந்து போய்விடுகிறார். தரையில் கிடக்கும் துண்டுகளோடு அந்த முதியவர் தனித்திருக்கிறார்.

இதனால்தான் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில், ஞானி பற்றுடன் செயலாற்றும் மக்களின் புத்தியைக் கலக்கக் கூடாது என்கிறார். ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. யோகத்தில் நிலைத்தவனாகத் தானும் செயலாற்றி, அவர்களையும் நல்வழியில் ஈடுபடுத்த வேண்டும் என்றும் பணிக்கிறார். அதாவது, தடை கேள்விக்கு அல்ல, பொறுப்பற்ற பிரிப்புக்கு.

பொறுப்போடு பிரிப்பது எப்படி என்பதைச் சாந்தோக்கிய உபநிஷதம் காட்டுகிறது. ஆன்மாவை அறிய விரும்பி இந்திரனும் விரோசனனும் பிரஜாபதியிடம் வந்தார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தங்கிய பின் கிடைத்த முதல் உபதேசத்தோடு, உடலே ஆன்மா என்று எண்ணித் திருப்தியடைந்த விரோசனன் போய்விட்டான். பாதியில் போனவன் பாதியையே முழுமை என்று தன் கூட்டத்தாருக்குப் போதித்தான். இந்திரனோ வழியிலேயே ஐயம் கொண்டு திரும்பினான். மீண்டும் மீண்டும் வந்து, மொத்தம் நூற்றொரு ஆண்டுகள் தங்கினான். ஒவ்வொரு முறையும் அவனுடைய பழைய கருத்து ஒன்று கழன்றது. ஒவ்வொரு முறையும் அடுத்த படியோடு பிரஜாபதி காத்திருந்தார். சீடனின் புத்தியைப் பிரித்த குரு அவனை நடுவழியில் கைவிடவில்லை.

தன்னையே பிரித்தல்

எல்லாவற்றிலும் நுட்பமானது ஆன்ம விசாரம். தைத்திரீய உபநிஷதத்தின் வழியில் சாதகன் அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்ற ஐந்து கோசங்களையும் ஒவ்வொன்றாகத் தன்னிடமிருந்து பிரித்தறிகிறான். இது உடலும் அல்ல, மூச்சும் அல்ல, எண்ணமும் அல்ல என்று விலக்கிச் செல்கிறான். இந்தப் பாதையில் ஓர் ஆபத்து உண்டு. உடல் தான் அல்ல என்றதும் உடலைப் பேணாமல் விடுவது, உறவுகள் மாயை என்றதும் நோயுற்ற தாயைக் கவனிக்காமல் இருப்பது, உலகம் பொய் என்றதும் அண்டை வீட்டாரின் பசியைப் பொருட்படுத்தாமல் போவது என்று விவேகம் வறட்சியாக மாறிவிடக்கூடும்.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய வில்வப்பழக் கதை இதற்கு மருந்து. வில்வப்பழத்தில் ஓடும் விதையும் வேறு, சதை வேறு என்று முதலில் பிரிக்கத்தான் வேண்டும். சதையே சாரம் என்று அறியத்தான் வேண்டும். ஆனால் பழத்தின் எடை என்ன என்று கேட்டால் சதையை மட்டும் நிறுத்துச் சொல்ல முடியாது. ஓட்டையும் விதையையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். விலக்கி விலக்கிச் சென்று பரம்பொருளை அறிந்தவன், அந்தப் பரம்பொருளே ஜீவனாகவும் ஜகத்தாகவும் விளங்குவதைக் காண்கிறான். அவர் விஞ்ஞானி என்று அழைத்தது இத்தகையவனையே. பிரித்ததை மறுபடி சேர்த்துக் காண்பவனே விசாரத்தை முடித்தவன். அப்படிக் கண்டவனுக்குப் பிறர் பசி தன் பசியாகிறது, சேவை வழிபாடாகிறது.

நாகசேனரின் பாடமும் சாதகனுக்கு வேண்டும். 'என் விமானம்' என்று பல ஆண்டுகள் போற்றியதைப் பெட்டியில் வைத்து மூடும்போது, தான் பற்றிக்கொண்டிருந்தது பெரும்பாலும் ஒரு பெயரையே என்று அனுப்புபவர் உணரக்கூடும். எனினும் அந்த உணர்வு வந்துவிட்டது என்பதற்காக அவர் திருகாணிகளை அலட்சியமாக வீசுவதில்லை. பெறப்போகிறவர் ஒருவர் இருக்கிறார். பற்று நீங்கிய பின்னும் பொறுப்பு நீங்குவதில்லை. பற்றில்லாமல் பொறுப்போடு செய்யும் செயலைத்தான் கர்ம யோகம் என்கிறோம்.

எனவே எதையேனும் பிரிக்க முற்படும்போது மூன்று கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்ளலாம். இதன் முழுமையை நான் அறிந்திருக்கிறேனா? இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பிரிக்கிறேனா, அல்லது வலிமை இருக்கிறது என்பதற்காகப் பிளக்கிறேனா? மறுபடி சேர்ப்பதற்கு வேண்டியவற்றைக் காத்து, சேர்க்கப் போகிறவருக்கு வழி சொல்லியிருக்கிறேனா? இம்மூன்றுக்கும் நேர்மையாக 'ஆம்' என்று சொல்ல முடியாத இடத்தில், அது உறவாயினும் பிறர் நம்பிக்கையாயினும், கையைச் சற்று நிறுத்திக்கொள்வது நல்லது. சொல்ல முடிந்த இடத்தில் அஞ்ச வேண்டியதில்லை. பொறுமையாகப் பிரிக்கலாம், பிரித்தது ஒன்றுசேரும் வரை உடனிருக்க வேண்டும்.